ஒரு எஸ், இரண்டு பி

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

தலைவி அவர்களே, அதிபர் அவர்களே, இந்தக் கல்லூரியில் எனக்கு முன்னும் பின்னும் படிப்பித்த ஆசிரியர்களே, தூர தேசங்களிலிருந்து விடுமுறை எடுத்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"பிள்ளைகளே" என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். பேரப்பிள்ளை கண்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வெண்கட்டி பிடித்த வகுப்பில் இருந்தவர்கள் எனக்குப் பிள்ளைகள்தான்.

பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் ஒன்று சொன்னார்: "நூறு வருசக் கொண்டாட்டம் டீச்சர், ஏதாவது சந்தோசமான விடயம் பேசுங்க." சரி என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். எந்தச் சொல்லை அதிகம் திருத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால், முதலில் வந்து நின்றது "டிஸப்பொயின்ட்மென்ட்". ஏமாற்றம். செயலாளர் மன்னிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் எழுத்துக்கூட்டலை முடித்துவிடுவோம். இந்தச் சொல்லில் எத்தனை எஸ், எத்தனை பி? கனடாவிலிருந்து வந்தவர்கள்கூட விரலை மடக்குகிறீர்கள். ஒரு எஸ், இரண்டு பி. இரண்டு எஸ், ஒரு பி என்று எழுதித்தான் பாதி வகுப்பு மதிப்பெண் இழந்தது. "அப்பொயின்ட்" என்ற சொல்லை முதலில் எழுது, பிறகு அதன் முன்னால் "டிஸ்" என்று ஒட்டு என்று சொல்லிக் கொடுப்பேன். அது மனப்பாடம் செய்வதற்கான தந்திரம் மட்டும் அல்ல, சொல்லின் வரலாறும் அதுதான். "அப்பொயின்ட்" என்றால் நியமித்தல். பிரெஞ்சு மொழி வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, "டிஸப்பொயின்ட்" என்ற சொல்லுக்குப் பொருள் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவது, கொடுத்த நியமனத்தைப் பறிப்பது. எதிர்பார்த்தது கிடைக்காமல் போகும்போது மனதுக்கு வரும் வலி என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது. உயர்தரத்தில் ஹம்லட் படித்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரலாம். இறந்த அரசனின் ஆவி இதே சொல்லைச் சொல்கிறது, ஆனால் அங்கே பொருள் வேறு: மரணத்துக்கு வேண்டிய ஆயத்தம் எதுவும் செய்யப்படாமல் போனவன்.

"நியமனம்" என்ற சொல் நம் வீடுகளில் எப்படிப்பட்ட சொல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "மூத்தவளுக்கு நியமனம் வந்துட்டுதா?" என்று கோயிலிலும் சந்தையிலும் கேட்பார்கள். ஆகவே நியமனம் பறிபோவதுதான் இந்தச் சொல்லின் வேர் என்று வகுப்பில் சொன்னால், பின்வரிசைப் பிள்ளைக்கும் உடனே விளங்கும்.

அடுத்தது "டிஸப்பொயின்டட்", "டிஸப்பொயின்டிங்" என்ற குழப்பம். மனதில் பட்டது "எட்", படுத்தியது "இங்". பரீட்சை "டிஸப்பொயின்டிங்", எழுதிய பிள்ளை "டிஸப்பொயின்டட்". இதை மாற்றிச் சொன்னால் சிரிப்பாகிவிடும். "ஐ ஆம் போரிங்" என்று என்னிடமே வந்து சொன்னவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

1994இல் என்று நினைக்கிறேன், சாதாரண தர மாதிரிப் பரீட்சைக்கு "உன் தாய்க்கு ஒரு கடிதம்" என்று ஒரு கேள்வி போட்டேன். ஒரு பிள்ளை எழுதியிருந்த முதல் வரி, "ஐ ஆம் வெரி டிஸப்பொயின்டிங்". வழக்கம்போல் சிவப்பு மையால் "இங்" என்பதை வெட்டி "எட்" போட்டு, அரை மதிப்பெண் குறைத்து, அடுத்த தாளை எடுத்தேன். அவள் மிச்சக் கடிதத்தில் எழுதியிருந்ததை அன்று நான் கவனித்து வாசிக்கவில்லை, பிழை எண்ணத்தான் வாசித்தேன். தவணை முடிவில் தாள்களைக் கட்டிவைக்கும்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். அம்மா விடியக்காலையில் எழும்பி வேலைக்குப் போவது, டியூஷன் காசு கட்டியது, கணக்குப் பாடம் தனக்கு வராதது எல்லாம் எழுதிவிட்டு, அதே வரியை முடிவிலும் எழுதியிருந்தாள். அவள் பிழை விடவில்லை. அம்மாவுக்கு ஏமாற்றம் தருகிறவளாக நான் இருக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறாள். இலக்கணம் சரி. அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க அப்போது நேரமிருக்கவில்லை.

இந்தப் பிள்ளை திரும்பவும் வருவாள். அதற்குள் கொஞ்சம் தமிழ்.

நம்முடைய "ஏமாற்றம்" ஒரு விசித்திரமான சொல். அது ஆங்கிலச் சொல்லுக்குச் சமம் என்று அகராதி சொல்கிறது. ஆனால் அதே சொல் வஞ்சனையையும் குறிக்கும். "ஏமாந்தேன்" என்றால் குற்றம் பாதி என்மேல், நான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன். "ஏமாற்றினான்" என்றால் குற்றம் முழுக்க அவன்மேல். ஆங்கிலத்தில் மழை வந்து சுற்றுலா நின்றுபோனாலும் "டிஸப்பொயின்டட்" என்று சொல்லலாம். அங்கே குற்றவாளி யாரும் தேவையில்லை. தமிழில் ஏமாற்றம் என்று சொன்ன உடனே, யார் ஏமாற்றியது என்று மனம் ஆளைத் தேடத் தொடங்கிவிடும். மழையை யார் குற்றம் சொல்வது? அதனால்தான் மழைக்கு நாம் "சப்பென்று போயிற்று" என்கிறோம். உப்புப் போடாத கறிக்குச் சொல்கிற சொல். அது ஒரு அருமையான சொல், அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு ஒற்றைச் சொல்லை நான் கண்டதில்லை.

"விரக்தி" என்பதைப் பாருங்கள். வடமொழியில் அது பற்றற்ற நிலை, துறவிக்குரிய பெருமை. இன்று பத்திரிகையில் "வேலையற்ற பட்டதாரிகள் விரக்தி" என்று வருகிறது. ஆசையை விட்டவனின் சொல், ஆசைப்பட்டுக் கிடைக்காதவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "நிராசை"யும் அப்படித்தான். "மனஸ்தாபம்" என்றால் மனதின் சூடு என்று பொருள், ஆனால் நாம் அதை இரண்டு பேருக்கு இடையில் மட்டுமே வைக்கிறோம். தனியாக ஒருத்தி மனஸ்தாபப்பட முடியாது, சம்பந்தி வேண்டும். "கவலை" என்று நாம் இங்கே சொல்வது துக்கம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் "உங்கள் தாயார் இறந்தது எனக்குக் கவலை" என்று சொன்னால் இனி என்ன நடக்குமோ என்று யோசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள், அங்கே கவலை என்பது வரப்போவதைப் பற்றியது.

கண்டியில் இருந்துகொண்டு சிங்களத்தை விடலாமா? அங்கே எதிர்பார்ப்பு என்பதற்கு "பலாப்பொரொத்து" என்பார்கள். பார்த்துக் காத்திருப்பது. அது உடைவதுதான் ஏமாற்றம், "பலாப்பொரொத்து கடவீம". உடைவதற்கு ஒரு பொருள் இருக்கிறது, உடைத்தவர் யார் என்பது சொல்லுக்குள் இல்லை. உலகமே வெறுத்துப்போகும் அளவுக்குப் போனால் "கலகிரீம". மூன்று மொழியும் பேசுகிற எங்கள் தெருவில், ஒரே பிள்ளை ஒரே நாளில் மூன்று விதமாக மனமுடைய முடியும்.

ஆங்கிலத்துக்குத் திரும்பினால், மாற்றுச் சொற்கள் ஒரு கூடை இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "ஃப்ரஸ்ட்ரேட்டட்" என்றால் முயன்றுகொண்டே இருக்கிறாய், வழி அடைத்திருக்கிறது. "வீணாக" என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. "டிஸ்மே" என்றால் கையும் காலும் ஓடாமல் நிற்பது, வலிமை போவதுதான் அதன் மூலப்பொருள். "டிஜெக்டட்" கீழே தள்ளப்பட்டவள். "டிஸ்இல்யூஷன்" கண்ணைக் கட்டியிருந்த மயக்கம் கலைவது, அது சில நேரம் நல்லதும்கூட. "க்ரெஸ்ட்ஃபாலன்" என்றால் கொண்டை சரிந்த சேவல். பேச்சுப் போட்டியில் பரிசு கிடைக்காமல் மேடையிலிருந்து இறங்கும் பிள்ளையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. "லெட் டவுன்" மட்டும்தான் தமிழ் ஏமாற்றத்துக்குக் கொஞ்சம் கிட்ட வரும், ஏனென்றால் அங்கே கயிற்றைப் பிடித்திருந்து கைவிட்ட ஒருவர் இருக்கிறார்.

நம் மலைநாட்டின் கதையில் இந்தச் சொல் அதன் பழைய பொருளிலேயே நடந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தார்கள், இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தோடு வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூடப் போக முடியவில்லை. நியமித்தவர்களிடமிருந்தே நியமிக்கும் உரிமையைப் பறித்தது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயன் ஒருவன் எழுந்து வந்து பார்த்திருந்தால், "டிஸப்பொயின்ட்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கேட்டிருக்கமாட்டான்.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பேசினார்கள், 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கச்சான் கொட்டை பிரிப்பதுபோல. அப்போது நான் இதே கல்லூரியில் மாணவி. என் பெஞ்சில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் ஒரு தவணை முடிவில் தன் அட்லஸை என்னிடம் தந்துவிட்டு, குடும்பத்தோடு கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனாள். அங்கிருந்து கப்பல், பிறகு மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அவள் எழுதிய கடிதம் ஒன்றில் இருந்த விடயத்தை நான் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அங்கே அரசாங்கப் பத்திரத்தில் அவர்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". அவளும் அவள் அப்பாவும் கண்டியில் பிறந்தவர்கள். "போகாத ஊருக்கு எப்படிடி திரும்புறது?" என்று கேட்டிருந்தாள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரி, அங்கே போனதும் சிலோன்காரி. அந்தக் கடிதத்தில் ஏமாற்றம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. இன்று நீலகிரியிலிருந்தும் வாழ்த்து வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார், சந்தோசம்.

குடியுரிமைக் கதை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் ஓரளவுக்கு முடிந்தது. ஐம்பத்தைந்து வருடம். அதைச் சொல்லிக்கொண்டே போனால் தேநீர் ஆறிவிடும்.

அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். சாதாரண தரம் சித்தியடைந்தாள், கணக்கும் சேர்த்து. உயர்தரமும் முடித்தாள். 1998இல் ஒரு நாள் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். நகரத்தில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாகப் படிவத்தைப் பார்த்து, "மஹய்யாவவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்களாம். சொன்னாளாம். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தூரத்திலிருந்து மலரில் வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மஹய்யாவவில் மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. இந்த நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் சிலரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தை அவள் அன்று பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு கடிதம். "டீச்சர், நீங்க என்னை ஏமாத்திட்டீங்கன்னு இங்கிலீசுல எழுதணும்."

நான் டீச்சர் அல்லவா, முன்னிடைச்சொல் பாடம் எடுத்தேன். ஒரு ஆளின் குணத்தைப் பற்றிச் சொன்னால் "டிஸப்பொயின்டட் இன்". ஒரு பொருளைப் பற்றி, ஒரு வேலை செய்து முடித்த விதத்தைப் பற்றிச் சொன்னால் "வித்". ஒரு செய்தி, ஒரு முடிவு என்றால் "அட்" அல்லது "பை". பழைய எழுத்துகளில் "ஒஃப்" வரும், கைக்கு வர வேண்டியதை இழந்தவர்களுக்கு. நீ "இன்" என்று எழுதினால் அவர்களுடைய நடத்தையையே குறை சொல்வதாகும் என்றேன். "அதத்தான் டீச்சர் சொல்லணும்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். எப்படி? தெரிவு செய்யப்படாமல் போனதில் எனக்கு ஏமாற்றமே, எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் கவனத்தில் எடுக்கவும், தங்கள் உண்மையுள்ள. ஒரு பிழை இல்லாத ஆங்கிலம். அவள் இரண்டு முறை வாசித்தாள்.

"இதுல யாருமே ஒண்ணும் செய்யல்லியே டீச்சர்."

அவள் சொன்னது சரி. "டிஸப்பொயின்டட்" என்று செயப்பாட்டில் எழுதி, செய்தவரை வாக்கியத்திலிருந்து மெதுவாக வெளியே அனுப்பியிருந்தேன். ஆங்கிலம் அதற்கு நல்ல வசதி செய்து தருகிறது, அலுவலகங்கள் எல்லாம் அந்த வசதியில்தான் நடக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. புத்திமதியும் சொன்னேன். அடுத்த விண்ணப்பத்தில் மஹய்யாவ என்று போடாதே, "கட்டுகஸ்தோட்டை வீதி, கண்டி" என்று போடு, பொய் இல்லை, வீதி அந்த வழியாகத்தானே போகிறது என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்றால், நான் அப்படித்தான் செய்திருந்தேன். என் வீடும் மஹய்யாவதான். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து என் முகவரியில் அந்தப் பெயர் இருந்ததில்லை. உங்களில் எத்தனையோ பேர் எனக்குக் கிறிஸ்மஸ், பொங்கல் வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள், கடித உறையில் எழுதிய முகவரியை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப இப்ப யாரு யார ஏமாத்துறது டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. தேநீர் போட எழும்பிப் போனேன்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். மலை கடந்து அதியமானைப் பார்க்கப் போகிறார். அரசன் நேரில் வராமல், ஆள் மூலம் பரிசு கொடுத்து அனுப்புகிறான். புலவருக்குப் பிடிக்கவில்லை. தினையளவு கொடுத்தாலும் என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடு, பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்ற கருத்தில் பாடிவிட்டு நடந்துவிடுகிறார். வேறொரு சமயம் இளவெளிமான் என்பவன் தகுதிக்குக் குறைத்துக் கொடுக்க, அதை வாங்காமல் போய், குமணனிடம் யானை பெற்று வந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனவரும் இவர்தான். வறுமை அவருக்கு நன்றாகத் தெரியும், வீட்டுப் பசியைப் பற்றியும் பாடியவர். ஆனாலும் ஏமாந்தேன் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போகவில்லை. கொடுத்தவனைப் பெயர் சொல்லிக் கேட்டார். தமிழ் டீச்சர் ஒருவர் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லக் கேட்ட அன்று எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது. அவளுக்கு யானை கட்ட மரமில்லை, நான் எழுதிக் கொடுத்த கடிதம்தான் இருந்தது.

அந்தக் கடிதத்தை அவள் அனுப்பவில்லை. தானே ஒன்று எழுதி அனுப்பினாள். எனக்குப் பிறகு காட்டினாள், மூன்றே வரி. "யூ ஹேவ் டிஸப்பொயின்டட் மீ" என்று தொடங்கியது. எழுவாய் நீங்கள், செயப்படுபொருள் நான். அடுத்த வரியில் தன் எழுத்துப் பரீட்சைப் புள்ளி. அடுத்த வரியில் தன் முழு முகவரி, ஊர்ப் பெயரோடு. எழுத்துக்கூட்டல் சரி, ஒரு எஸ், இரண்டு பி.

பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை. அவள் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டாள், இன்று அந்த இடத்தில் மற்றவர்களை நேர்முகப் பரீட்சை செய்கிறவள். இந்த மண்டபத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பேசலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, "பேசுங்க டீச்சர், ஆனா அந்த 'இங்' கதைய மட்டும் சொல்லாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் பிள்ளை. அந்த அரை மதிப்பெண்ணை இந்த மேடையில் வைத்துத் திருப்பித் தருகிறேன்.

மலர்க் குழுவினர் மலர் அனுப்ப என் முகவரி கேட்டிருந்தார்கள். படிவத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இலக்கத்துக்கு அடுத்த வரியில் மஹய்யாவ என்று இருக்கிறது, கட்டுகஸ்தோட்டை வீதி என்ற பழைய உறைகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.